சொன்மையும் பொருண்மையும்: நிரல்மொழியில் வகைப்பிழை – ஒரு விளக்கம்

'நெருப்பு என்றால் வாய் வெந்துவிடுமா?' என்று நம் மக்கள் கேட்பதுண்டு. சொல் வேறு, அச்சொல் குறிக்கும் பொருள் வேறு என்னும் உண்மை இவ்வெளிய வினாவில் அடங்கியுள்ளது. தொல்காப்பியர் இதனைச் சொல்லதிகாரத்துப் பெயரியலில் இலக்கணக் கோட்பாடாகவே வைத்தார். ஒரு சொல்லால் அது குறிக்கும் பொருளும் அறியப்படும். அச்சொல் தானும் அறியப்படும். முன்னது பொருண்மை, பின்னது சொன்மை. 'கடல் ஆழமானது' என்னுமிடத்துக் 'கடல்' என்பது நீர்ப்பரப்பைக் குறிக்கின்றது. 'கடல் மூன்றெழுத்துச் சொல்' என்னுமிடத்தோ அது தன்னையே குறிக்கின்றது. முன்னதில் பொருண்மையும் பின்னதில் சொன்மையும் விளங்கக் காண்கிறோம்.

இவ்வேறுபாடு இலக்கண வகுப்போடு நின்றுவிடுவதன்று. கணிப்பொறிக்கு ஆணையிடும் நிரல்மொழிகளில் நாள்தோறும் எழும் ஒரு பிழைக்கு இதுவே வேராக அமைகின்றது. ஆங்கிலத்தில் 'டைப் எரர்' எனப்படும் அப்பிழையை நாம் வகைப்பிழை என்று வழங்கலாம். அதிலும், சரமாக எழுதப்பட்ட ஒன்றை நிரலாகக் கொண்டு மதிப்பிடும்போது எழும் வகைப்பிழை, புதிதாகப் பயில்வோரைப் பெரிதும் மயக்குவது. மேல்நிலை வகுப்பிலேயே பைத்தான் மொழியைப் பயின்று கல்லூரிக்கு வருவோர் இன்று பலர். மதிப்பெண் பட்டியலும் கட்டணக் கணக்கும் நிரல்களின் வழியே உருவாகின்றன. ஆதலின் இப்பிழையின் இயல்பைக் கணிப்பொறித் துறையினர் மட்டுமன்றி மொழி பயில்வோரும் அறிந்திருத்தல் நலம். இலக்கணம் கற்றவர்க்கு இது புரியாத பொருளும் அன்று.

சரமும் எண்ணும்

நிரல்மொழி ஒவ்வொன்றும் தான் கையாளும் மதிப்புகளை வகைப்படுத்தி வைத்திருக்கின்றது. கூட்டவும் பெருக்கவும் தக்கது எண். மேற்கோள் குறிகளுக்குள் அடைக்கப்பட்ட எழுத்துகளின் தொடர்ச்சி சரம். ஓர் ஆணைத்தொடருக்குப் பெயரிட்டு, வேண்டும்போது அழைத்துக்கொள்ள வைத்திருப்பது செயற்கூறு. இவ்வாறே பட்டியல், தொகுப்பு எனப் பிற வகைகளும் உள.

85 என்று எழுதினால் அது எண். அதனுடன் 7-ஐக் கூட்டினால் 92 வரும். '85' என்று மேற்கோளுக்குள் எழுதினால் அது சரம். அங்கே எட்டு, ஐந்து என்னும் இரண்டு குறியீடுகள் அடுத்தடுத்து நிற்கின்றனவேயன்றி எண்பத்தைந்து என்னும் அளவு இல்லை. மேற்கோளற்ற 85 பொருண்மை. மேற்கோளுற்ற '85' சொன்மை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினும் கணிப்பொறிக்கு இவை இருவேறு சாதிப் பொருள்கள்.

இவ்விரண்டையும் கூட்டச் சொன்னால் என்ன நிகழும்? குய்டோ வான் ராசம் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட பைத்தான் மொழி, '85' + 7 என்னும் தொடரைக் கண்டவுடன் வேலையை நிறுத்திவிடும். சரத்தோடு சரத்தைத்தான் இணைக்க இயலும், எண்ணை இணைக்க இயலாது என்று கூறி வகைப்பிழையை அறிவிக்கும். பிரெண்டன் ஐக் 1995-இல் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழி அவ்வாறு நிற்பதில்லை. எண்ணாகிய 7-ஐயும் சரமாக மாற்றி, இரண்டையும் ஒட்டி, '857' என்னும் சரத்தை விடையாகத் தந்துவிடும். கூட்டலுக்குப் பதிலாகக் கழித்தல் குறியை இட்டு '85' - 7 என்றாலோ, அதே மொழி சரத்தை எண்ணாக மாற்றி 78 என்னும் விடையைத் தரும். ஒரே மொழியில், ஒரே இணைக்கு, குறி ஒன்று மாறியதால் நெறி மாறுகின்றது.

இவால் என்னும் வாயில்

சொன்மைக்கும் பொருண்மைக்கும் இடையே நிரல்மொழிகள் ஒரு வாயிலை அமைத்துள்ளன. அதன் பெயர் 'இவால்'. மதிப்பிடு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் சுருக்கம் இது. ஜான் மெக்கார்த்தி 1960-இல் வெளியிட்ட கட்டுரையில் லிஸ்ப் மொழியை விளக்குமிடத்து இதனை வரையறுத்தார். அதனை ஐ.பி.எம். 704 கணிப்பொறியில் இயங்கும் நிரலாக ஆக்கிக் காட்டியவர் ஸ்டீவ் ரஸ்ஸல். லிஸ்ப் மொழியில் அது பட்டியல் வடிவில் அமைந்த கோவையை மதிப்பிட்டது. பின்வந்த பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் முதலிய ஸ்கிரிப்ட் மொழிகளில் அது சரத்தை மதிப்பிடுகின்றது.

'5 + 3' என்னும் சரத்தை இவாலிடம் கொடுத்தால், மேற்கோளைக் களைந்துவிட்டு, உள்ளிருக்கும் எழுத்துகளை நிரலாகப் படித்து, 8 என்னும் எண்ணைத் திருப்பித் தரும். ஐந்து குறியீடுகள் கொண்ட சரம் உள்ளே சென்றது. ஓர் எண் வெளியே வந்தது. சொன்மை பொருண்மையாயிற்று. இம்மாற்றம் வியக்கத்தக்கது. ஆயினும், உள்ளே செல்வது என்றும் சரமாக இருக்க, வெளியே வருவது எவ்வகைப் பொருளாயிருக்கும் என்பது சரத்தைப் படித்து முடிக்கும் வரை தெரியாது. நிரலை எழுதியவர் எண்ணை எதிர்பார்த்திருக்கலாம்; வருவது தொகுப்பாகவோ செயற்கூறாகவோ ஒன்றுமின்மையாகவோ இருக்கலாம். வகைப்பிழை பிறப்பது இங்கேதான்.

பிழை தோன்றும் மூன்று இடங்கள்

இவாலை ஒட்டி எழும் வகைப்பிழைகளை வாயிலின் முன், வாயிலின் உள், வாயிலின் பின் என இடம் நோக்கி மூன்றாகப் பகுத்துக் காண்பது பயன் தரும்.

முதலாவது, வாயிலின் முன் எழுவது. பைத்தானின் இவால் சரத்தையோ அதனையொத்த சிலவற்றையோ மட்டுமே ஏற்கும். 85 என்னும் எண்ணை அப்படியே அதனிடம் கொடுத்தால் வகைப்பிழை எழும். ஏற்கெனவே பொருளாயிருப்பதை மீண்டும் பொருளாக்க இயலாது என்பது அதன் நிலை. படிவத்தில் நிரப்பாமல் விடப்பட்ட இடத்திலிருந்து 'நன்' என்னும் ஒன்றுமின்மை வந்து சேர்ந்தாலும் இப்பிழையே எழும். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் இவாலோ, சரமல்லாத எதைக் கொடுத்தாலும் வாய்திறவாமல் அதனையே திருப்பிக் கொடுத்துவிடும். ஆதலின் அம்மொழியில் இவ்வகைப் பிழை வாயிலைக் கடந்து, பிறிதோரிடத்தில், பிறிதொரு வடிவில் தலைகாட்டும்.

இரண்டாவது, வாயிலின் உள்ளே எழுவது. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு '3(4 + 5)' என்னும் சரம். பள்ளிக் கணக்கில் இதற்கு மூன்று பெருக்கல் ஒன்பது, அதாவது 27 என்று பொருள் கொள்வோம். பெருக்கற்குறியை எழுதாமல் விடுவது அங்கே மரபு. நிரல்மொழியின் மரபு வேறு. ஒரு பெயரையடுத்துப் பிறை வளைவு வந்தால், அது செயற்கூறை அழைத்தலாகும். எனவே பைத்தான் 3-ஐச் செயற்கூறாகக் கொண்டு அழைக்க முயன்று, எண் அழைக்கத்தக்க பொருளன்று என வகைப்பிழையைக் காட்டும். ஜாவாஸ்கிரிப்டும் 3 செயற்கூறன்று என்று அதே பிழையை அறிவிக்கும். எழுத்தில் பிழையில்லை, தொடரமைப்பிலும் பிழையில்லை, வகைக்கும் வினைக்கும்தான் பொருத்தமில்லை.

இங்கே வேறு இரு பிழைகளினின்றும் வகைப்பிழையைப் பிரித்தறிதல் வேண்டும். '5 + ' என்று முடிவுறாத சரத்தைக் கொடுத்தால் எழுவது தொடரமைப்புப் பிழை. அதனைச் 'சின்டாக்ஸ் எரர்' என்பர். சரத்தைப் படிக்கும்போதே அது வெளிப்பட்டுவிடும். மேற்கோளிட மறந்த ஊர்ப்பெயரோ ஆட்பெயரோ சரத்துக்குள் புகுந்தால் எழுவது பெயர்ப்பிழை. அது 'நேம் எரர்' எனப்படும். பைத்தானின் 3-ஆம் பதிப்பில் தமிழ்ச் சொற்களையும் மாறிகளின் பெயராக வைத்துக்கொள்ள இயலும். ஆகவே மதுரை என்று மேற்கோளின்றி எழுதினால், மதுரை என்னும் பெயருடைய மாறி ஒன்று உளதோ என்று அது தேடும். இல்லையெனில் பெயர்ப்பிழை கூறும். தொடரமைப்பும் சரியாகி, பெயர்களும் அறியப்பட்டு, நிரல் ஓடத் தொடங்கிய பின்னரே வகைப்பிழை எழ முடியும். எனவே வகைப்பிழையைக் காண நேர்ந்தால், அதற்கு முந்திய படிகளைச் சரம் கடந்துவிட்டது என்று நாம் துணியலாம். பிழையைத் தேடும் பரப்பு அந்த அளவுக்குச் சுருங்குகின்றது.

மூன்றாவது, வாயிலின் பின் எழுவது. மூன்றனுள்ளும் நம் நாட்டார் மிகவும் கருதத்தக்கது இது. ஒரு இலட்சத்து இருபத்தையாயிரத்து ஐந்நூறு ரூபாயை நாம் 1,25,500 என்று காற்புள்ளியிட்டு எழுதுகிறோம். இதனைச் சரமாக இவாலிடம் கொடுத்தால், பைத்தான் அதனை ஓர் எண்ணாகக் கொள்வதில்லை. அம்மொழியில் காற்புள்ளி பொருள்களைப் பிரிக்கும் குறி. ஆகவே 1, 25, 500 என்னும் மூன்று எண்களைக் கொண்ட 'டியூப்பிள்' எனப்படும் தொகுப்பு வெளிவருகின்றது. இவால் தன் பணியைக் குறைவின்றி முடித்துவிட்டது. பிழை எதுவும் இதுவரை எழவில்லை. அடுத்த வரியில் அத்தொகையோடு 500-ஐக் கூட்ட முனையும்போதே தொகுப்போடு எண்ணைச் சேர்க்க இயலாதென்று வகைப்பிழை எழுகின்றது. பிழை தோன்றிய வரி ஒன்று. பிழைக்குக் காரணமான வரி வேறொன்று. பலர் இங்கே கூட்டல் வரியையே திருத்தித் திருத்தி நேரம் இழப்பர். நோய்முதல் நாடுதல் என்னும் நெறி நிரலுக்கும் பொருந்தும்.

ஜாவாஸ்கிரிப்ட் இதே சரத்தை எவ்வாறு கொள்ளும்? அம்மொழியில் இவ்விடத்துக் காற்புள்ளி, இடப்பக்கத்தனவற்றை மதிப்பிட்டு விட்டுவிட்டு, கடைசியில் நிற்பதை மட்டும் விடையாகத் தரும் குறி. ஆதலின் வெளிவருவது 500. அதனோடு 500-ஐக் கூட்டினால் 1000. ஒரு இலட்சத்து இருபத்தையாயிரம் ரூபாய் ஓசையின்றி மறைந்துவிட்டது. பிழை அறிவிப்பு ஒன்றும் இல்லை.

வழுவும் வழுவமைதியும்

நன்னூலார் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என எழுவகை வழுக்களைக் கூறுவார். 'அவன் வந்தாள்' என்னும் தொடரில் சொற்கள் தனித்தனியே குற்றமற்றவை. எழுவாய் முன்னும் பயனிலை பின்னும் நிற்கும் அமைப்பும் செம்மையானது. ஆண்பால் எழுவாய் பெண்பால் பயனிலையைக் கொண்டதே வழு. வகைப்பிழையும் இத்தகையதே. உறுப்புகள் சரியாயிருக்க, அவற்றின் இயைபு கெடுவது அது.

வழுவை விலக்கும் இலக்கணம், தக்க காரணம் இருப்பின் அதனை அமைத்துக்கொள்ளவும் இடந்தருகின்றது. ஒருவர் தம் பசுவை உவப்பின் மிகுதியால் தாயென்று அழைத்து உயர்திணை வினை கொடுத்துப் பேசினால், அது திணை வழுவமைதி. பைத்தான் வழுவை வழுவென்றே கூறும் மொழி. ஜாவாஸ்கிரிப்ட் வழுவமைதிக்கு மிகுதியும் இடங்கொடுக்கும் மொழி. இணையப் பக்கங்களை அமைப்போரில் தொழில்முறை நிரலாளர் அல்லாதாரும் எளிதிற் பயன்படுத்த வேண்டும் என்னும் நோக்கில் உருவான மொழியாதலின், சிறு பொருத்தமின்மைக்கெல்லாம் நின்றுவிடாமல் அது இயன்றவரை தொடர்ந்து செல்லும்.

ஆனால் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. இலக்கணத்தில் வழுவமைதிக்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, வெகுளி என்றாற்போன்ற காரணங்கள் வேண்டும். சொல்வோனும் கேட்போனும் அக்காரணத்தை உணர்ந்திருப்பர். பசு மனிதப் பிறவியன்று என்பதை அழைப்பவரும் அறிவார், கேட்பவரும் அறிவார். கணிப்பொறி செய்யும் அமைதியிலோ எழுதியவர் கருத்தை அது அறியாது. அது செய்த மாற்றத்தை எழுதியவரும் அறியார். மதிப்பெண் 92 ஆவதற்கு மாறாக 857 ஆனால் யாரேனும் கண்டுபிடித்துவிடுவர், நூற்றுக்கு மேல் மதிப்பெண் இராதாதலால். கட்டணத் தொகை 1,26,000 ஆக வேண்டிய இடத்தில் 1000 ஆனால், நூறு பெயர்கள் கொண்ட பட்டியலில் அது கண்ணிற் படாமலே போகலாம். அத்தவற்றின் சுமையைத் தாங்குபவர் நிரலை எழுதியவர் அல்லர். பட்டியலில் பெயருள்ள மாணவரும் அவர்தம் பெற்றோருமே ஆவர்.

எனவே வகைப்பிழை அறிவிப்பை இகழ்ச்சியாகவோ தோல்வியாகவோ கொள்வது பொருந்தாது. தவறான விடை ஒன்று ஊர் முழுதும் சென்று சேர்வதற்கு முன் வாயிலில் நின்று தடுக்கும் காவலன் அது. வேலையை நிறுத்தும் பிழை சிறு துன்பம். நிறுத்தாத பிழை பெருந்துன்பம்.

ஆயினும் இக்காவலன் எல்லாவற்றையும் கண்டுவிடுவான் என்று நம்பி உறங்குதலும் கூடாது. 1,25,500, 2,10,300 என்னும் இரு தொகைகளையும் சரங்களாக இவாலிடம் கொடுத்து, வெளிவருவனவற்றைக் கூட்டினால் பைத்தானும் பிழை கூறாது. இரண்டும் ஒரே வகைத் தொகுப்புகளாதலின் அவற்றை இணைத்து, ஆறு எண்கள் கொண்ட ஒரு நீண்ட தொகுப்பை அமைதியாகத் தந்துவிடும். வகை ஒத்திருப்பது வேறு. கருத்து ஒத்திருப்பது வேறு. இலக்கண வழுவற்ற தொடரெல்லாம் உண்மை கூறும் தொடராகிவிடுவதில்லை அன்றோ?

வாயிற்காவல்

இவாலால் விளையும் கேடு வகைப்பிழையோடு முடிவதில்லை. சரத்திலுள்ள எதையும் அது நிரலாக ஏற்று இயக்கிவிடும். அச்சரம் வெளியார் ஒருவர் தட்டச்சிட்டதாயின், கணிப்பொறியிலுள்ள கோப்புகளை அழிக்கும் ஆணையும் அதில் இருக்கலாம். பைத்தானின் 2-ஆம் பதிப்பில் 'இன்புட்' என்னும் செயற்கூறு, பயன்படுத்துவோர் தட்டச்சிட்டதை இவாலின் வழியே மதிப்பிட்டுத் தந்தது. ஒருவர் 010 என்று வரிசை எண்ணைத் தட்டினால், முன்னே சுழியம் வந்தமையின் அதனை எட்டடிமான எண்ணாகக் கொண்டு 8 என்று கூறியதும் அப்பதிப்பின் இயல்பே. 2008-இல் வெளிவந்த 3-ஆம் பதிப்பு இவ்வழக்கை மாற்றியது. தட்டச்சிட்டது எதுவாயினும் அது சரமாகவே வரும். எண் வேண்டுவோர் தாமே வெளிப்படையாக மாற்றிக்கொள்ள வேண்டும். 2-ஆம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி முதல் நாளோடு முடிவுற்றது. சொன்மையைச் சொன்மையாகவே பெற்று, வேண்டிய இடத்தில் நாமறியப் பொருண்மையாக்குக என்பதே இம்மாற்றத்தின் கருத்து.

பயில்வோர் கைக்கொள்ளத்தக்க நெறிகள் சில உள. எண் வேண்டுமாயின் இவாலை நாடாது, சரத்தை முழு எண்ணாக்கும் 'இன்ட்' என்பதையோ பதின்ம எண்ணாக்கும் 'ஃப்ளோட்' என்பதையோ நாடுதல் வேண்டும். 1,25,500 என்னும் சரத்தை 'இன்ட்' ஏற்பதில்லை. 'வேல்யூ எரர்' எனப்படும் மதிப்புப்பிழையை அங்கேயே, அவ்வரியிலேயே கூறிவிடும். கொடுக்கப்பட்டது சரமே, வகை சரி. ஆயின் அதனுள் இருப்பது எண்ணுக்குரிய வடிவில் இல்லை என்பது அதன் பொருள். காற்புள்ளிகளை முதலில் நீக்கிவிட்டுக் கொடுத்தால் 125500 என்னும் எண் கிடைக்கும்.

எண், சரம், பட்டியல் முதலியவற்றின் எழுத்துவடிவை மட்டும் மதிப்பிட வேண்டுமாயின், பைத்தானில் 'லிட்டரல் இவால்' என்னும் செயற்கூறு உண்டு. அது செயற்கூறுகளை அழைப்பதில்லை. ஆதலின் கோப்பை அழிக்கும் ஆணையை நிறைவேற்றாது. எனினும் 1,25,500 என்பதை அதுவும் தொகுப்பாகவே தரும். கேட்டைத் தடுக்கும் காவல் வகையைக் காக்கும் காவலாகிவிடாது என்பதை இதனால் அறிகிறோம். எனவே வெளிவந்த மதிப்பு எவ்வகையினது என்பதை 'டைப்', 'இஸ்இன்ஸ்டன்ஸ்' ஆகிய செயற்கூறுகளைக் கொண்டு உடனே உசாவி, எதிர்பார்த்த வகையன்றெனின் அங்கேயே நிறுத்துதல் நன்று.

பிழை எழுந்துவிட்டால், அறிவிப்பைக் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் படிக்க வேண்டும். கடைசி வரி எவ்வகைப் பிழை என்பதைக் கூறும். அதற்கு மேலுள்ள வரிகள் எவ்விடத்தில் என்பதைக் கூறும். கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் சரம் என்னும் பொருளுடைய 'ஸ்டிரிங்' என்பது கோணக் குறிகளுக்குள் காணப்பட்டால், பிழை நம் கோப்பில் அன்று, இவாலுக்குள் சென்ற சரத்தில் உளது என்று அறியலாம். அப்போது செய்யத்தக்கது ஒன்றே. இவாலுக்கு முந்திய வரியில் அச்சரத்தை அப்படியே திரையில் அச்சிட்டுப் பார்த்தல். நாம் அனுப்பியதாக எண்ணியிருந்த சரமும் உண்மையில் சென்ற சரமும் வேறுபடுவதை அங்கே பெரும்பாலும் காண்போம்.

நிறைவாக

சொல்லையும் பொருளையும் ஒன்றெனக் கொள்வதால் விளையும் மயக்கம் பழமையானது. அதனைத் தெளிவிக்க நம் இலக்கண ஆசிரியர்கள் சொன்மை, பொருண்மை என்னும் பாகுபாட்டையும் வழு, வழுவமைதி என்னும் பாகுபாட்டையும் வகுத்துத் தந்தனர். அப்பாகுபாடுகளை உள்ளத்திற் கொண்டு நிரல்மொழியை அணுகும் மாணவர்க்கு, வகைப்பிழை பற்றிய அறிவிப்பு புரியாத அயன்மொழி அச்சுறுத்தலாகத் தோன்றாது. 'இங்கே நீ சொல்லைப் பொருளாகக் கொண்டாய்' என்றோ, 'இப்பொருளுக்கு இவ்வினை பொருந்தாது' என்றோ நல்லாசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டுவதாகவே தோன்றும். தமிழ் இலக்கண வகுப்பும் கணிப்பொறி ஆய்வுக்கூடமும் தொலைவில் உள்ள இரு கட்டடங்கள் என்று நம் மாணவர்கள் எண்ண வேண்டுவதில்லை. தொடரின் உறுப்புகள் தம்முள் இயைகின்றனவா என்று ஆராயும் பயிற்சி இரண்டிற்கும் பொதுவானது. அப்பயிற்சியை இங்கே பெற்றோர், பிறர் பணமும் பிறர் மதிப்பெண்ணும் தம் நிரலின் வழியே செல்லும் நாளில், விடை வந்தது என்பதோடு அமையாது, வந்த விடை எவ்வகையினது என்றும் ஒருமுறை கேட்பாராக.